எல்லோருக்கும் என்று எழுதிய பிறகும்

1934 ஜனவரியில் காந்தி குற்றாலம் வந்தார். அருவியில் குளிக்காமலே திரும்பினார். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லப்படும் செய்தி இது. ஹரிஜனங்களுக்காக அவர் நாடு சுற்றிய காலம். இங்கே அருவியில் அவர்களுக்கு இடமில்லை என்று அறிந்ததும், அவர்களுக்கு இல்லாத குளியல் தனக்கும் வேண்டாம் என்று போய்விட்டாராம். மலையிலிருந்து விழுகிற தண்ணீர் யார் தலை என்று பார்த்தா விழுகிறது? பார்த்தவர்கள் கரையில் நின்றவர்கள்.

நான் தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். லாட்ஜ், ஆடிட்டர் ஆபீஸ், மரக்கடை, கிளினிக் என்று நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கும் இடங்கள்தான் என் பிழைப்பு. பெரிய கம்பெனிகளுக்குத் தனி ஆள் இருப்பார்கள். எங்களைக் கூப்பிடுவது ஒரு ரூட்டர், ஒரு ஸ்விட்ச், பிரிண்டர் ஒன்று, நடுவில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் என்று ஓட்டுகிறவர்கள். அந்த ஷேர்டு ஃபோல்டர்தான் எனக்கு அதிகம் போன் வரவைக்கும். புகார் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: “எல்லாருக்கும்னு போட்டாச்சு. ஆனா தொறக்க மாட்டேங்கு.”

குற்றாலம் ரோட்டில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம். உரிமையாளர் எழுபது தாண்டியவர், நல்ல சிவபக்தர், சித்தாந்தம் முறையாகப் படித்தவர். நான் அண்ணாச்சி என்பேன். என்னைத் தம்பி என்பார். ஆடி மாதச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம் அவர் மகன் கூப்பிட்டான். மூலப் பத்திர ஸ்கேன்களும் புதுப் பத்திர வரைவுகளும் வைத்திருக்கும் ஃபோல்டர் மற்ற கம்ப்யூட்டர்களில் திறக்கவில்லை. மறுநாள் பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று. பார்ட்டிகள் வெளியே பெஞ்சில்.

இந்த மாதிரி வேலையில் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கம்பி போகிறதா? ஸ்விட்ச்சில் விளக்கு மினுங்கியது. பிங் அடித்தேன், பதில் வந்தது. அடுத்து, அந்த மெஷின் நெட்வொர்க் பட்டியலில் தெரிகிறதா? தெரியவில்லை. பலர் இங்கேயே பயந்துவிடுவார்கள். பழைய விண்டோஸில் பக்கத்து மெஷின்களைப் பட்டியல் போட்டுக் காட்டிய முறை எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பை நம்பி இருந்தது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைத் தானாக நிறுவுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வேறு சர்வீஸ்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. அவற்றில் ஒன்று ஓடாவிட்டாலும் பட்டியலில் பெயர் வராது. பட்டியலில் இல்லை என்பதால் மெஷினே இல்லை என்று ஆகிவிடாது. முகவரி தெரிந்தால் நேராக எண்ணை அடித்துப் போய்விடலாம். அடித்தேன், வந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குச் சந்தோஷம். “இருக்கு, ஆனா தெரியல. அப்படித்தான தம்பி?” என்றார். மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலம் சித்திர சபைக்குத் தவறாமல் போகிறவர் அவர். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்தில் மட்டும் நடராசர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அந்த ஆட்டத்துக்குச் சைவம் ஐந்து தொழில் சொல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நாலாவதில்தான் அண்ணாச்சிக்கு எப்போதும் லயிப்பு. உயிர் பக்குவப்படும் வரை இறைவன் தன்னை அதனிடமிருந்து மறைத்துக்கொள்கிறான். அந்த மறைப்பும் அவன் சக்திதான், அதுவும் அருளின் ஒரு முகம்தான் என்பது சித்தாந்தம். “மறைக்கதும் அவன் கருணை தம்பி. எல்லாம் ஒரேயடியாத் தெரிஞ்சா உயிரு தாங்காது.”

எனக்கு அதில் சண்டை இல்லை. விண்டோஸிலேயே அப்படி ஒன்று உண்டு. ஷேர் பெயரின் கடைசியில் ஒரு டாலர் குறி போட்டுவிட்டால் அது எந்தப் பட்டியலிலும் வராது. பெயர் தெரிந்தவன், அனுமதி உள்ளவன், முழுப் பெயரையும் அடித்தால் திறக்கும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அன்றைக்குச் சிக்கல் அதுவும் இல்லை. ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே போனால் பத்திரங்களின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைச் சொடுக்கினால், அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. இதை நான் அண்ணாச்சியிடம் பிரித்துச் சொன்னேன். மறைந்திருப்பதைத் தேடலாம், தேடுகிறவனை அது அவமானப்படுத்துவதில்லை. இது வேறு. இருக்கிறது என்று தெரிகிறது, பெயர் தெரிகிறது, வழி தெரிகிறது, கதவு வரை வந்தாயிற்று, பிறகு உனக்கு இல்லை என்கிறது. மறைத்தலைச் சிவனின் ஐந்தொழிலில் ஒன்றாகப் படித்திருக்கிறேன். இந்த இரண்டாவதை எந்தச் சாத்திரத்திலும் அவன் தொழிலாகப் படித்ததில்லை. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. “மொதல்ல வேலையப் பாரு” என்றார்.

பார்த்தேன். மெயின் மெஷினில் அந்த ஃபோல்டரின் ஷேரிங் பக்கத்தைத் திறந்தால் ‘எவ்ரிஒன்’ என்று இருந்தது, முழு உரிமையோடு. மகன் அதைக் காட்டி, “பாத்தியளா, நான் கரெக்டாத்தான் போட்ருக்கேன்” என்றான். சரிதான். ஆனால் விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு வாசல். ஷேரிங் பக்கத்தில் எழுதுவது வெளிவாசல். நெட்வொர்க் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் அது. செக்யூரிட்டி பக்கத்தில் எழுதுவது உள்வாசல். அது எல்லோருக்கும், அந்த மெஷினிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும்கூட. வெளியிலிருந்து வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். வெளிவாசலில் எல்லோரும் வரலாம் என்று எவ்வளவு பெரிதாக எழுதினாலும், உள்வாசலில் பெயர் இல்லாதவன் வெளியேதான்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள மென்பொருள் படிப்பு வேண்டியதில்லை. குற்றாலத்திலிருந்து செங்கோட்டை பஸ்ஸில் கொஞ்ச நேரம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம். தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லா, சென்னை மாகாணம். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அரசுக் கோயில்களில் பிறப்பால் எந்த இந்துவுக்கும் தடையில்லை. அதாவது, செங்கோட்டையில் சட்டப்படி திறந்த கதவு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் சட்டப்படியே அடைத்திருந்தது. அதே சிவன், அதே மலை, அதே சாரல். இந்தப் பக்கம் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துப் போன பிறகு ராஜாஜி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறந்துவிட்ட அதிகாரிகளைக் காப்பதுதான் அதன் அவசரம். எல்லா இந்துக்களுக்கும் உரிமை என்று மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது 1947இல்.

இவையெல்லாம் வெளிவாசல். நான் இவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. வெளிவாசல் அடைத்திருந்தால் உள்வாசலைப் பற்றிப் பேசவே வழியில்லை. ஆனால் சட்டம் வந்த பிறகும் தெருக்கோயிலில், ஊர்க் கொடையில், தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதில், திருநீறு கையில் போடுகிறார்களா தூரத்திலிருந்து வீசுகிறார்களா என்பதில், உள்ளே இன்னொரு பட்டியல் ஓடிக்கொண்டே இருந்ததை எங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டியலை யாரும் பலகையில் எழுதிவைக்கவில்லை. செக்யூரிட்டி பக்கத்தையும் தேடிப் போய்த் திறந்தால்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று. ‘எவ்ரிஒன்’ என்று விண்டோஸ் சொல்லும் கூட்டத்தில் எல்லோரும் அடங்கிவிடுவதில்லை. எக்ஸ்பி காலத்திலிருந்து, பெயர் சொல்லாமல் வருகிற ஆள் அதில் சேர்த்தி இல்லை. முதலில் அந்த மெஷினுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உன்னிடம் இருக்க வேண்டும்; பிறகுதான் நீ எல்லோரிலும் ஒருவன். இதை நான் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்புக்குத் தேவை. ஆனால் மேடையில் யாராவது எல்லோரும் என்று முழங்கும்போது, அந்தக் கூட்டத்தில் சேர யாரிடம் கணக்குத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது தொழில் புத்தி.

சரி, பத்திரங்கள் ஏன் திறக்கவில்லை? அதே ஃபோல்டரில் நான் புதிதாக ஒரு ஃபைல் உண்டாக்கினேன். எல்லா மெஷினிலும் திறந்தது. பழைய பத்திரங்கள் மட்டும் திறக்கவில்லை. இது தெரிந்ததும் விஷயம் முடிந்தது. மகன் அந்தப் பத்திரங்களை முதலில் தன் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறான். பிறகு கட் செய்து அதே டிரைவில் இருந்த பொது ஃபோல்டரில் பேஸ்ட் செய்திருக்கிறான். காப்பி செய்திருந்தால், புது இடத்தின் அனுமதிகள் ஒட்டியிருக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால், பழைய இடத்தின் அனுமதிகளே கூட வரும். அவனுடைய சொந்த டெஸ்க்டாப்பில் அவனுக்கும் அட்மினுக்கும் சிஸ்டத்துக்கும் மட்டும் உரிமை. பொது இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பத்திரங்கள் பழைய வீட்டின் பட்டியலோடுதான் இருந்தன.

“அடப்பாவி, ஊரு மாறினாலும் கூடவே வருதா?” என்றார் அண்ணாச்சி. அவர் வேறு எதையோ நினைத்துச் சொன்னார் என்று குரலில் தெரிந்தது. பத்திர எழுத்தர், வாரிசு, பாத்தியதை, வில்லங்கம் என்றே வாழ்ந்தவர். மேலிருக்கும் ஃபோல்டரின் அனுமதி கீழே இருப்பதற்கு இறங்குவதை விண்டோஸிலும் வாரிசுரிமை என்கிற பொருளில்தான் இன்ஹெரிட்டன்ஸ் என்கிறார்கள் என்று சொன்னபோது, அவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம்தான் அவருக்குப் பிடித்த செய்தியைச் சொன்னேன். இந்த அனுமதிகளுக்குள் முரண் வந்தால் விண்டோஸ் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த ஃபைலுக்கென்றே நேராக எழுதிய மறுப்பு முதலில். அடுத்து, நேராக எழுதிய அனுமதி. அதற்குப் பிறகுதான் மேலிருந்து இறங்கிவந்த மறுப்பு. கடைசியில் இறங்கிவந்த அனுமதி. மறுப்பு எப்போதும் ஜெயிக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. நேராக, பெயர் சொல்லிக் கொடுத்த அனுமதி, பரம்பரையாக வந்த மறுப்பை வெல்லும்.

அண்ணாச்சி நிமிர்ந்து, “பெற்றான் சாம்பான்” என்றார்.

உமாபதி சிவம் பதினான்காம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் இருந்தவர். சைவ சித்தாந்தத்தின் சந்தானாசாரியர் நால்வரில் ஒருவர். தீட்சிதர் குலத்தில் பிறந்து, மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதால் தன் கூட்டத்தாரால் விலக்கப்பட்டவர் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. அவர் மடத்துக்கு விறகு கொண்டுவந்து போட்ட தாழ்த்தப்பட்ட குலத்தவர் பெற்றான் சாம்பான். ஒருநாள் ஓலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். இவனுக்குத் தீட்சை கொடுத்து முத்தி அளிப்பாயாக என்று நடராசரே எழுதியது அது. உமாபதி கொடுத்தார், சாம்பான் ஒளியில் கலந்தார். நேராக, பெயர் சொல்லி, எழுதிக் கொடுத்த அனுமதி. சாம்பானின் குலத்தைப் பற்றி ஓலை ஒன்றும் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் நந்தனார் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வருகிறவர். திருப்புன்கூரில் வெளியே நின்று தரிசிக்க விரும்பியபோது நந்தியை விலகச் சொன்னான் இறைவன். பார்க்கலாம், உள்ளே வர முடியாது. எங்கள் பாஷையில் ரீட் மட்டும். தில்லையில் அதுவும் போதவில்லை. எரி மூட்டி அதில் மூழ்கி எழச் செய்கிறார்கள். முனிவர் வடிவத்தில், முப்புரிநூலோடு எழுந்து வந்து, அம்பலத்துக்குள் போகிறார். சின்ன வயதில் இந்த இடத்தில் என் பாட்டி அழுவாள். நானும் அழுதிருக்கிறேன். இன்றைக்கு ரிப்பேர்க்காரனாகப் படித்தால், இவர்கள் அனுமதியைத் திருத்தவே இல்லை என்பதுதான் கண்ணில் படுகிறது. கதவின் பட்டியல் அப்படியே இருந்தது. ஆளின் கணக்கை மாற்றினார்கள்.

இந்தக் குறுக்குவழி எங்கள் தொழிலில் தினசரி நடப்பது. ஃபோல்டர் திறக்கவில்லையா, உட்கார்ந்து அனுமதிகளைத் திருத்தச் சோம்பல்பட்டு, முதலாளியின் பெயரையும் பாஸ்வேர்டையும் எல்லா மெஷினிலும் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். திறக்கும். ஆனால் திறந்தது யார்? அந்த அலுவலகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கிரையப் பத்திரமோ தானசெட்டில்மெண்டோ வாசகம் அமைத்து அடிப்பது அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்கா. சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு தப்பினாலும் கண்டுபிடிப்பவர் அவர்தான். கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாப் பத்திரமும் முதலாளி மகன் திருத்தியதாக இருக்கிறது; அவன் மெஷினில், அவன் பெயரில்தான் அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கணக்கே கிடையாது. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. “நமக்கு வேல நடந்தாச் சரி” என்பார்.

இரண்டு கதைக்கும் பொதுவான ஒரு பகுதி எனக்கு உறுத்தல். அனுமதி கிடைத்த அந்த நிமிஷமே நந்தனார் மறைந்துவிடுகிறார். சாம்பானும் மறைந்துவிடுகிறார். மறுநாள் காலைப் பூசைக்குத் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வரிசையில் வந்து நிற்கும் நந்தனாரை என்ன செய்வது என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. சாம்பானின் மனைவி, என் புருஷனை எரித்துவிட்டார்கள் என்று அரசனிடம் முறையிட்டாள் என்று அந்தக் கதையிலேயே இருக்கிறது. உமாபதி ஒரு முள்ளிச்செடிக்கும் முத்தி கொடுத்துக் காட்டித் தன்னை நிரூபித்தாராம். கதையில் எனக்கு மிகவும் நிஜமாகப் படுகிறவள் அந்தப் பெண்தான்.

அண்ணாச்சி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. “முத்திங்கது உடம்போட வரிசையில நிக்கதுக்கு இல்ல தம்பி. நீ கோயில் நிர்வாகத்தையும் சிவஞானத்தையும் கொழப்புத.” நியாயமான மறுப்பு. சித்தாந்தப்படி பசுவாகிய உயிருக்கும் பதியாகிய இறைவனுக்கும் நடுவில் இருப்பது பாசம் என்ற கட்டு. கோயில் வாசல்காரன் இல்லை. ஆனால் பக்குவம் வந்த உயிருக்கு அருள் இறங்கும், அதற்கு முன் மறைப்பு என்று சாத்திரம் சொன்னதை எடுத்து, பக்குவம் இன்ன பிறப்பில்தான் வரும் என்று வாசலில் நிற்கிறவன் எழுதிக்கொண்டான். குழப்பியது நான் இல்லை.

காந்தியும் ஒரு தரம் குழப்பினார் என்றே நினைக்கிறேன். அதே 1934 ஜனவரியில், 24ஆம் தேதி, திருநெல்வேலியில் பேசும்போது, ஒன்பது நாள் முன்பு பீகாரில் நடந்த பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் கடுமையாக மறுத்தார். இயற்கையின் அழிவை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது அவர் வாதம். இதில் நான் தாகூர் கட்சி. ஹார்டு டிஸ்க் போனதற்கும் பெர்மிஷன் தப்பாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பூகம்பம் வராவிட்டாலும் அந்த மறுப்பு தப்புதான். தப்பைக் காட்டத் தெய்வம் நிலத்தை ஆட்ட வேண்டியதில்லை. அருவியில் குளிக்காமல் போனார் பாருங்கள், அது போதும். தனக்குத் திறந்திருந்த கதவை, பக்கத்தில் நிற்கிறவனுக்கு அடைத்திருக்கிறது என்பதற்காக விட்டுப் போனார்.

கணக்கையும் மாற்றாமல், அனுமதிக்கும் காத்திராமல், மூன்றாவதாக ஒன்று செய்தவர்களும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. திருமலைக்கோயில் இருக்கும் பண்பொழிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாமுக்கு மாறினார்கள். ஊரின் ஒரு பகுதி ரஹ்மத் நகர் ஆனது. நாடே திரும்பிப் பார்த்தது, டெல்லியிலிருந்தெல்லாம் வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். சாதிக் கொடுமை தாங்காமல் போனோம் என்று மாறியவர்களில் பலர் சொன்னார்கள். அவர்கள் இந்த நெட்வொர்க்கை விட்டு வேறு நெட்வொர்க்கில் சேர்ந்தார்கள் என்று நான் சொன்னபோது அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. “அப்படிச் சொல்லாத தம்பி. அது வேற.” எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. மீனாட்சிபுரத்துக்காரர்கள் அவரிடம் கிரையம் எழுத வருகிறவர்கள். அவர்களை உட்காரவைத்துத்தான் பேசுவார். அதனால் நானும் மேலே போகவில்லை.

இவ்வளவும் பேசினாலும், எல்லாக் கதவையும் பெயர்த்தெடு என்று சொல்கிறவன் இல்லை நான். எல்லோருக்கும் முழு உரிமை என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்தத் தொழில் காட்டியிருக்கிறது. 2017 மே 12இல் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, அது நுழைந்தது எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, அதாவது ஃபோல்டர்களைப் பகிரும் அதே வழியில். மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வகை வைரஸ் எந்தக் கணக்கில் நுழைகிறதோ அந்தக் கணக்கு எழுதக்கூடிய ஃபைல் எல்லாவற்றையும் பூட்டிவிடும். எல்லோருக்கும் முழு உரிமை என்றால் எல்லாம் போகும். அதனால் யாருக்கு என்ன வேலையோ அதற்கு வேண்டிய அளவு உரிமை கொடுப்பதுதான் முறை.

அண்ணாச்சி இதைப் பிடித்துக்கொண்டார். “அதான் தம்பி ஆகமமும் சொல்லுது. ராசாவே கருவறைக்குள்ள போவ முடியாது. பிராமணன்லயும் எல்லாரும் போவ முடியாது, ஆதிசைவர்தான். இது கீழ மேலங்கது இல்ல, வேலப் பிரிவினை.” நல்ல வாதம், பழைய வாதம். வேலைக்குத் தக்க உரிமை என்றால், வேலை தெரிந்தவன் யாராக இருந்தாலும் அந்தக் குழுவில் சேர வழி இருக்க வேண்டும். நான் எத்தனையோ ஆபீஸில் குரூப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெயரைச் சேர்க்கலாம், எடுக்கலாம். உறுப்பினரின் பிள்ளை மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம் என்று குரூப் போடும் வசதி விண்டோஸில் இல்லை. அர்ச்சகர் பணியில் வாரிசு முறையைத் தமிழ்நாடு அரசு 1970இல் சட்டம் போட்டு எடுத்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது, ஆகம விதிக்கு உட்பட்டுத்தான் நியமிக்க வேண்டும் என்ற கட்டோடு. அந்தக் கட்டுக்குள்ளேயே கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் போனது. 2021 ஆகஸ்ட் 14இல்தான் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்களுக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். அதிலும் சில கோர்ட் படி ஏறின.

பேச்சுக்கிடையில் வேலையையும் முடித்தேன். பொது ஃபோல்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் போய், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இந்த வீட்டின் அனுமதிகளையே போடு என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும். பழைய டெஸ்க்டாப்பின் பட்டியல் கழன்று விழுந்துவிடும். அக்காவுக்கு அவர் பெயரிலேயே கணக்கு உண்டாக்கி, பத்திர ஃபோல்டரில் மாடிஃபை உரிமை கொடுத்தேன். மகனுக்கு இது எதற்கு என்று இருந்தது. அண்ணாச்சி “போடு” என்றார்.

சரிபார்ப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அட்மின் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாம் திறக்கிறது என்று சொல்லக் கூடாது. அவனுக்கு எல்லாம் திறக்கும். யாருக்குக் குறைந்த உரிமையோ அவர் மெஷினுக்குப் போய், அவர் பெயரில் நுழைந்து, அவர் கையாலேயே ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்ல வேண்டும். அக்கா திறந்தார். ஒரு பத்திரத்தில் வடபுறம், தென்புறம் மாறியிருந்ததைத் திருத்தி சேவ் செய்தார். திருத்தியவர் என்ற இடத்தில் அவர் பெயர் வந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, “இனிஷியல் விட்டுப் போச்சு” என்றார்.

கிளம்பும் நேரத்தில் அண்ணாச்சி இன்னொரு ஃபோல்டரைக் காட்டினார். திருமுறைப் பதிகங்களை அவரே ஓய்வு நேரத்தில் டைப் அடித்து வைத்திருக்கிறார். அதையும் பொதுவில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், யாரும் கை வைக்கக் கூடாது என்றார். எல்லோருக்கும் ரீட் மட்டும் போட்டேன். அக்கா அங்கிருந்தபடியே ஒரு பதிகத்தைத் திறந்து பார்த்தார். “அண்ணாச்சி, மூணாவது பாட்டுல ஒரு றகரம் ரகரமாக் கெடக்கு. நான் திருத்திரட்டா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “குடுக்கலாமா தம்பி?”

“அது உங்க ஃபோல்டர் அண்ணாச்சி” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். “இப்போதைக்கு ரீட் இருக்கட்டும்” என்றார். “தப்பு எங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லு. நான் திருத்திக்கிடுதேன்.”